கட்டை விரலுக்குத் தெரிந்த கதவு

நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் சாலையில், ஒரு பட்டறையின் மாடியில் பரிமளா டீச்சர் இருந்தார். கீழே நாளெல்லாம் தகரம் அடிபடும். மேலே சத்தமே போடாத ஒரு வேலை நடக்கும்.

டீச்சர் முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். அதை விட்டுவிட்டு எஃப்.பி.ஜி.ஏ. போர்டுகளோடு உட்கார்ந்துவிட்டார். அந்த போர்டின் நடுவில் இருக்கும் சிப்புக்கு இன்னதுதான் வேலை என்று கிடையாது. எதை எழுதி ஏற்றுகிறோமோ அதுவாக ஆகிவிடும். இன்றைக்குக் கடிகாரம். நாளைக்குக் கேமராவின் கண்.

முதல் சீடன் சென்னியப்பன். டீச்சரைவிட வயதில் மூத்தவன். லாரிகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தவன், யாரும் சொல்லித்தராமலே பாதி கற்றுக்கொண்டு, மீதிப் பாதிக்காக மாடி ஏறி வந்தான். டீச்சர் அவனை அண்ணா என்று கூப்பிடுவார். அவன் அவரை டீச்சர் என்பான். இரண்டு பேருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

சேர்ந்த புதிதில் அவன் கேட்டான். சிப்பை முழுசாக அழித்து எழுதுவது புரிகிறது, ஒரு பகுதியை மட்டும் அழித்து எழுதுவது எதற்கு என்று.

டீச்சர் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். சேலம் பஸ் போய்க்கொண்டிருந்தது.

"அதுல கண்டக்டர் மட்டும் மாறணும். வண்டி நிக்கக் கூடாது. என்ன பண்ணுவீங்க?"

பல மாதம் கழித்து, அவன் பதிலாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தான்.

சிப்புக்குள் அவன் கட்டியதை எல்லோரும் வீடு என்றுதான் சொன்னார்கள். முட்டைக் கிடங்குக்கான வீடு. முட்டை உருண்டு வரும் பெல்ட்டை ஓட்டுவது, கேமராவைப் படிப்பது, வேண்டாத முட்டையை ரப்பர் நாக்கால் ஓரமாகத் தட்டி விடுவது எல்லாம் வீட்டின் வேலை. நடுவில் ஓர் அறையை மட்டும் காலியாக விட்டிருந்தான். முட்டையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் ப்ரோகிராம் துண்டு அந்த அறையில் குடியிருக்கும். உள்ளூருக்குப் போகும் முட்டை என்றால் அழுக்கைப் பார்க்கும் துண்டு. கப்பலில் போகும் முட்டை என்றால் விரிசலைப் பார்க்கும் துண்டு. வீடு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அறையில் மட்டும் ஆள் மாறும். பெல்ட் நிற்காது.

அழுக்குத் துண்டை அவனே எழுதினான். அருமையாக வந்தது. விரிசல் துண்டுதான் வரவில்லை. நிழலையெல்லாம் விரிசல் என்றது, நல்ல முட்டையைத் தள்ளியது. சென்னியப்பன் அதோடு மல்லுக்கட்டினான். சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. நிழலுக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் அவன் கண்ணுக்கே மங்கத் தொடங்கியது.

அப்போதுதான் ஜெபராஜ் வந்தான்.

திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன். செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். வயது சென்னியப்பனின் வயதுதான் இருக்கும். ஆனாலும் வந்த அன்றே அண்ணாச்சி என்று ஒட்டிக்கொண்டான்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுல ஒரு ரூம் காலியாக் கெடக்காமே. அட்வான்ஸ் என்ன கேப்பிய?"

டீச்சர் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் டீச்சர் அவன் வேலையைப் பாராட்டியிருக்கிறார். அவன் உடம்புக்கு ஆகாதபோது கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார். சிரிக்க மட்டும் அவன் வைத்ததில்லை.

அதற்குப் பிறகு அவன் சின்னச் சின்ன விஷயங்களைக் கவனிக்க ஆரம்பித்தான். டீச்சர் பேசிக்கொண்டே டீ குடிப்பார், தம்ளரைப் பக்கத்து மேசை மூலையில் வைப்பார். அது எப்போதும் சென்னியப்பனின் மேசையாக இருந்தது. இப்போது ஜெபராஜின் மேசையில் தம்ளரின் ஈர வட்டம் இருந்தது. இவன் மேசை காய்ந்து கிடந்தது.

டீச்சர் விரிசல் துண்டை ஜெபராஜிடம் கொடுத்தார். இவனைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். இவன் தாராளமாகக் கொடுங்க என்றான். அந்தத் தாராளத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது.

கொஞ்ச நாளில் ஜெபராஜ் முடித்துவிட்டான். எப்படி என்று டீச்சர் கேட்டதற்கு, மேசையில் ஒரு முட்டையை உருட்டிக் காட்டினான்.

"நெழலு நின்ன எடத்துலயே நிக்கும் டீச்சர். விரிசலு முட்டையோட சேந்து உருளும்லா."

அவ்வளவுதானா என்று இருந்தது சென்னியப்பனுக்கு. அவ்வளவுதான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் துண்டு முதல் தடவை அறைக்குள் போகும்போது, வீட்டைக் கட்டியவன் பக்கத்தில் உட்கார வேண்டும். கதவைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

கதவு என்பது இதுதான். அறையை அழித்து எழுதுகிற அந்தக் கொஞ்ச நேரம் உள்ளே யாரும் இல்லை. பழையது பாதி அழிந்திருக்கும், புதியது பாதி வந்திருக்கும். அந்த நேரத்தில் அறையிலிருந்து தாறுமாறாக ஏதேதோ வெளியே வரும். அது வீட்டுக்குள் பரவாமல் இருக்க சென்னியப்பன் ஒரு கதவு வைத்திருந்தான். போர்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கதவு மூடியிருக்கும். புதுத் துண்டு ஒழுங்காக உட்கார்ந்ததும் பச்சை விளக்கு எரியும். அப்புறம் விரலை எடுக்கலாம்.

இதை அவன் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவனுடைய இடது கட்டை விரலுக்குத் தெரியும், அதைப் பார்த்துப் பழகிய டீச்சருக்குத் தெரியும்.

வழக்கப்படி ஜெபராஜின் பக்கத்தில் உட்கார்ந்தான். முதலில் தன் அழுக்குத் துண்டை ஏற்றிக் காட்டினான். வலது கை கீபோர்டில், இடது கட்டை விரல் பொத்தானில். ஜெபராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலைப் பார்க்கவில்லை.

அவன் பார்க்கவில்லை என்பதைச் சென்னியப்பன் பார்த்தான்.

அடுத்து ஜெபராஜ் தன் துண்டை ஏற்றினான். மேசையில் அன்று பெல்ட் மாட்டியிருக்கவில்லை, நாக்குகளும் இல்லை. போர்டின் சிவப்பு விளக்குகள் மட்டும் கன்னாபின்னாவென்று துடித்து அடங்கின. பிறகு பச்சை எரிந்தது.

"என்ன அண்ணாச்சி, லைட்டு பேய் புடிச்ச மாதிரி ஆடுது?"

"ஆடும்," என்றான் சென்னியப்பன்.

ஒரு சொல்தான். பின்னால் டீச்சர் நின்றிருந்தார்.

முட்டைக் கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. முதலாளி அத்தியப்பன் வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பெல்ட்டின் தலைமாட்டில் நின்றார். போர்டு சரியாக வேலை செய்தால் தன்னுடைய எல்லா பெல்ட்டுக்கும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அது நடந்தால் மாடி பிழைக்கும். நடக்காவிட்டால் டீச்சர் மறுபடி எங்காவது பாடம் எடுக்கப் போக வேண்டியதுதான். மூன்று பேருக்கும் அது தெரியும்.

அத்தியப்பனுக்கு ஒரே நிபந்தனை. துண்டு மாற்றுவதற்காக பெல்ட்டை நிறுத்தக் கூடாது. நின்றால் பின்னால் வருகிற முட்டை முன்னால் இருப்பதன் மேல் ஏறிக்கொள்ளும் என்றார்.

பவர் கொடுத்ததும் வீடு விழித்தது. சென்னியப்பனின் அழுக்குத் துண்டு அறையில் இருந்தது. அழுக்கு முட்டைகளை நாக்குகள் ஒவ்வொன்றாக, பதமாக ஒதுக்கின. அத்தியப்பன் தலையை ஆட்டினார்.

டீச்சர் திரும்பி, மாத்தற நேரம், நீங்க போர்டுகிட்ட இருங்கண்ணா என்றார்.

"துண்டு அவரோடதுங்க டீச்சர். அவரே ஏத்தட்டும். அதான் மரியாதை."

சொல்லிவிட்டுப் போய் வாசலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இடது கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது.

டீச்சர் அவனையே ஒரு கணம் பார்த்தார். பிறகு ஜெபராஜைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஜெபராஜ் கீயைத் தட்டினான்.

பெல்ட் ஒரு துள்ளுத் துள்ளியது. நாக்குகள் அத்தனையும் ஒன்றாக நீண்டு, மடங்கி, மறுபடி நீண்டன. முட்டைகள் ஒன்றோடொன்று மோதின. தரையில் விழுந்தவை விழ, சில ஜெபராஜின் சட்டையில் உடைந்தன. பச்சை எரிந்தபோது எல்லாம் ஒழுங்காகிவிட்டது. ஆனால் அதற்குள் அத்தியப்பன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்.

"ஆம்லெட் போட நான் மெஷின் கேக்கலைங்களே டீச்சர்."

டீச்சர் மன்னிப்புக் கேட்டார். இன்னொரு தடவை வேண்டும் என்றார். அத்தியப்பன் தரையில் வழிந்ததைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வாங்க, அன்னைக்கும் இப்படித்தான்னா போர்டைக் கழட்டிட்டுப் போயிருங்க என்றார்.

ஜெபராஜ் சட்டையைத் துடைத்துக்கொண்டே, தன் துண்டில்தான் ஏதோ கோளாறு, அண்ணாச்சியோட வீடு மேல தப்பே இல்லை என்றான்.

அதைக் கேட்டபோது சென்னியப்பனுக்கு ஒரு கணம் இனித்தது. அந்த இனிப்பு தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை.

மறுநாள் ஜெபராஜ் தன் துண்டைப் பிரித்துப் போட்டு வரிவரியாகத் தப்பைத் தேடினான். வேடிக்கையாக ஒன்றும் பேசவில்லை. இல்லாத ஒன்றை ஒருவன் அத்தனை நேர்மையாகத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியம் இல்லை.

அதைவிடவும் கனமான ஒன்று நடந்தது. அவன் கவிழ்ந்தால் தன் இடம் திரும்பக் கிடைக்கும் என்று சென்னியப்பன் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தான். இப்போது டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜெபராஜின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மேசையில் ஈர வட்டத்தின் மேல் ஈர வட்டம் விழுந்தது.

ஜெபராஜ் சாப்பிடப் போன நேரத்தில் சென்னியப்பன் டீச்சர் முன்னால் போய் நின்றான்.

"என் இடத்துல எதுக்குங்க டீச்சர் அவர வெச்சீங்க?"

டீச்சர் சிப்பின் வரைபடத்தைத் திரையில் விரித்தார். வீடு முழுக்க நீலமாக நெய்தது போல நிறைந்திருந்தது. நடுவில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது.

"இதுல உங்க இடம் எதுண்ணா?"

அவன் நீலத்தைச் சுற்றிக் காட்டினான்.

"நடுவுல இருக்கறது?"

"அது அறைங்க."

"யாரு விட்டது?"

"நான்தான்."

"எதுக்கு விட்டீங்க?"

அவன் திரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

டீச்சர் எழுந்து, மூலையில் துணி போட்டு மூடியிருந்த சோதனை பெல்ட்டை இழுத்து வந்தார். அதன் நாக்குகளைப் போர்டோடு இணைக்கச் சொன்னார். அவன் இணைத்தான். எதிர்க்கடையிலிருந்து ஓர் அட்டை முட்டை வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தான். ஒவ்வொன்றாக பெல்ட்டில் வைத்தார். அது உருட்டிக்கொண்டு போனது.

"உங்க துண்டை ஏத்துங்க."

"என்னுதுங்களா?"

"உங்களுதுதான். அழுக்குத் துண்டு."

அவன் வலது கையைக் கீபோர்டில் வைத்தான். இடது கை தானாகவே போர்டுக்குப் போனது. டீச்சர் தன் உள்ளங்கையைப் பொத்தானின் மேல் குடை மாதிரிக் கவிழ்த்து வைத்தார். அவன் விரல் அவர் புறங்கையில் இடித்து நின்றது.

"இன்னைக்கு இது வேண்டாம்."

"ஒடைஞ்சிருங்க டீச்சர்."

"உங்க துண்டுதானே. ஏத்துங்க."

அவன் தயங்கினான். டீச்சர் கையை எடுக்கவில்லை. அவன் தட்டினான்.

நாக்குகள் ஒன்றாகச் சீறின. பெல்ட் துள்ளியது. முட்டைகள் மேசையிலும் தரையிலும் வழிந்தன. ஒன்று உருண்டு போய் அவன் செருப்பில் உடைந்தது. சிவப்பு விளக்குகள் அன்றைக்கு ஜெபராஜுக்கு ஆடிய அதே ஆட்டம் ஆடி அடங்கின.

டீச்சர் கேட்டார்.

"உங்க துண்டுல தப்பாண்ணா?"

"இல்லைங்க."

"அப்புறம் இது?"

"மாறும்போது வர்றதுங்க. யாரு எழுதினாலும் வரும்."

"உங்களுக்குமா?"

அவன் செருப்பில் ஒட்டியிருந்த முட்டை ஓட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"எனக்கும்தாங்க."

டீச்சர் ஒரு பழைய துணியைக் கொண்டுவந்து பாதியாகக் கிழித்தார். இரண்டு பேரும் குனிந்து துடைத்தார்கள். மஞ்சள் கரு போகப் போகப் பரவியது. துடைத்துக்கொண்டே அவன் கேட்டான். நிமிர்ந்து கேட்க முடியவில்லை.

"லைட்டு ஆடினப்ப நீங்களும் பின்னால இருந்தீங்க. நீங்களாவது சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லியிருக்கலாம்ணா. நீங்க சொல்லிருவீங்கன்னு கெடங்கு வரைக்கும் நெனச்சுட்டே வந்தேன்."

கீழே தகரம் அடிக்கும் சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

ஜெபராஜ் மாடி ஏறி வந்தான். தரையில் முட்டை ஓடுகளைப் பார்த்து வாசலிலேயே நின்றான். சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு போர்டுக்குப் பக்கத்தில் வரச் சொன்னான். பொத்தானைக் காட்டினான்.

"இது கதவு. ஏத்தும்போது அழுத்திப் புடிக்கணும். பச்சை எரியற வரைக்கும்."

ஜெபராஜ் பொத்தானைப் பார்த்தான். பிறகு சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தான்.

"அன்னைக்குக் கேட்டனே அண்ணாச்சி. ஆடும்னு சொன்னிய."

"சொன்னேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

ஜெபராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தான். பிரித்துப் போட்டிருந்த தன் துண்டைத் திரையில் மேலும் கீழும் நகர்த்தினான். நேற்றிலிருந்து தன் கையை நம்பாமல் போன ஒருவனின் முகம் அது. பழைய முகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்னியப்பனிடம் எதுவும் இல்லை.

"வெள்ளிக்கெழம அந்தப் பொத்தான நீங்களே புடிங்க," என்றான் ஜெபராஜ். "எனக்குக் கை நடுங்கும்."

வெள்ளிக்கிழமை அத்தியப்பன் அதே இடத்தில், அதே மாதிரி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். முட்டைகள் வந்துகொண்டிருந்தன. இந்தத் தடவை யாரும் சொல்லாமலே சென்னியப்பன் போர்டின் பக்கத்தில் போய் நின்றான். விரலை வைத்தான். ஜெபராஜைப் பார்த்து, போடுங்க என்றான்.

ஜெபராஜ் தட்டினான்.

பெல்ட் தன் பாட்டுக்கு ஓடியது. ஒரு நாக்கும் அசையவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பச்சை எரிந்தது. சென்னியப்பன் விரலை எடுத்தான். அடுத்து வந்த முட்டைகளில் ஒன்றை நாக்கு மெதுவாக ஓரத்துக்குத் தள்ளியது. அத்தியப்பன் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடி மாதிரி ஒரு விரிசல், அவர் விரல் நகத்துக்குத்தான் தட்டுப்பட்டது.

அவர் ஜெபராஜின் தோளில் தட்டினார். இந்த ஆளு முட்டைக்குள்ளயே குடியிருந்திருப்பார் போலிருக்குதுங்களே என்றார். எல்லா பெல்ட்டுக்கும் போர்டு வேண்டும் என்றார். பெல்ட் துள்ளாமல் ஓடியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. துள்ளாமல் ஓடுவதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது.

"மொதலாளி, உள்ள எடம் பத்தாது," என்றான் ஜெபராஜ். "அதான் அண்ணாச்சி வீட்டுல குடியேறிட்டேன்."

டீச்சர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. அதே சிரிப்பு.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கூட்டம். ஜெபராஜ் முன்னால் போய் டிரைவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். டீச்சருக்கு உட்கார இடம் கிடைத்தது. சென்னியப்பன் அந்த சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

முன்னாலிருந்து டிரைவரின் சிரிப்புச் சத்தம் வந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணா."

"அவருகிட்டயும் சொல்லிட்டேன். கதவும் புடிச்சுட்டேன். எல்லாம் சரியாப் போயிருச்சு." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா எனக்குள்ள இன்னும் ஆடிட்டே இருக்குதுங்க."

டீச்சர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பியில் இருந்த கையைப் பார்த்தார். இடது கட்டை விரல் கம்பியை அழுத்திக்கொண்டிருந்தது. நகம் வெளுத்திருந்தது.

"பச்சை எரிஞ்சுதா?"

"இல்லைங்க டீச்சர்."

"அப்ப விரலை எடுத்துராதீங்க."